ராக்கெட் காதரும் உருகிப்போன ஐஸ்கட்டியும்

நனைந்த சாக்கும் மரத்தூளும் கலந்து வரும் வாடை எங்கே மூக்கில் ஏறினாலும், இன்றும் எனக்கு உள்ளங்கை சில்லிட்டுப் போகிறது. மர மில் பக்கமாகப் போகும்போது நான் நடையை எட்டிப் போடுவதைப் பார்த்து, "மரத்தூளு உங்கள என்னங்க பண்ணுச்சு?" என்று என் மனைவி கேட்பாள். அது என்னை ஒன்றும் பண்ணவில்லை, பண்ணியது நான்தான்.

எழுபதுகளின் தொடக்கத்தில், விளாங்குடியில் ஃபிரிட்ஜ் இருந்த வீடு எதையும் நான் பார்த்ததில்லை. ஐஸ் என்றால் எங்களுக்கு மணியடித்துக்கொண்டு வரும் பெட்டி வண்டியின் "சேமியா ஐஸ்", அதை விட்டால் சர்பத் கிளாசில் மிதக்கும் சில்லுகள். அப்படிப்பட்ட ஊரில்தான், புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த சரோஜா டீச்சர், ஏழாம் வகுப்பில் எங்களுக்குத் திடம், திரவம், வாயு பாடம் நடத்தினார். ஒரு கல்லைத் தூக்கிக் காட்டி இது திடம் என்றார். பானைத் தண்ணீரை டம்ளரிலும் தட்டிலும் மாற்றி மாற்றி ஊற்றி, திரவத்துக்கென்று சொந்தமாக ஓர் உருவம் கிடையாது, பாத்திரத்தின் உருவம்தான் அதன் உருவம் என்றார். வாயுவுக்கு ஓர் உதாரணம் கேட்டபோது கடைசி பெஞ்சிலிருந்து காதர் எழுந்து, "மொச்சப் பயறு தின்னா வாரது டீச்சர்" என்றான். டீச்சர் புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தார்.

காதருக்கு அது ஏழாம் வகுப்பில் இரண்டாவது வருஷம். அவனுடைய அத்தா திண்டுக்கல் ரோட்டோரம் சர்பத் கடை போட்டிருந்தார். விடிந்ததும் யானைக்கல் பக்கமிருந்த ஐஸ் கம்பெனிக்குச் சைக்கிளில் போய்க் கட்டி எடுத்துவருவது காதரின் வேலை. அந்தப் பெரிய சைக்கிளை அவன் மிதிக்கும் வேகத்தைப் பார்த்துத்தான் ஊரில் அவனுக்கு "ராக்கெட்" என்று பெயர் வந்தது. பரீட்சையில் கிடைக்காத மரியாதை எல்லாம் அவனுக்கு அந்தப் பெடலில்தான் கிடைத்தது. நானோ முதல் பெஞ்ச், முதல் ராங்க். எனக்குத் தெரியாதது ஒன்று இருக்கும் என்று எனக்கே தெரியாது.

இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று செய்தி வந்தது. ஒரே பொருளை மூன்று நிலையிலும் அவர் கண் முன்னால் காட்டிவிட வேண்டுமென்று டீச்சர் முடிவு செய்தார்.

"டேய் காதர், உருகாமக் கொண்டாந்துருவியா?"

"கட்டி கட்டியாவே வரும் டீச்சர். நம்ம வண்டி என்ன மாட்டுவண்டியா?"

"கொண்டாந்துட்டா, இன்ஸ்பெக்டர் முன்னாடி நீதான் செஞ்சு காட்டணும்."

கடைசி பெஞ்சைத் தாண்டி வராதவனுக்கு அது எப்படிப்பட்ட அழைப்பு என்று எனக்கு அன்று புரியவில்லை. மறுநாள் அவன் எண்ணெய் வைத்துப் படிய வாரி, தேய்த்த சட்டை போட்டு, அக்காவின் பவுடரைக் கழுத்து வரைக்கும் அப்பிக்கொண்டு வந்து நின்றான். வாளியைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டுமென்று என்னையும் கூட அனுப்பினார்கள்.

ஐஸ் கம்பெனியில் ஒரு துண்டை உடைத்துச் சாக்கில் சுற்றி, அலுமினியத் தூக்குவாளிக்குள் வைத்து, மேலும் கீழும் மரத்தூளைத் திணித்து மூடிக் கொடுத்தார்கள். "வழியில தெறந்து பாக்கக் கூடாது தம்பி, அம்புட்டுத்தான் சொல்லுவேன்" என்றார் அங்கிருந்தவர். நான் கேரியரில் உட்கார்ந்து வாளியை மடியில் வைத்துக்கொண்டேன். காதர் மிதித்தான். பாலம் ஏறியதும் தெரியவில்லை, இறங்கியதும் தெரியவில்லை. செல்லூருக்குள் நுழைந்தபோது எதிர்க்காற்றில் என் கண்ணில் தண்ணீர் வழிந்தது.

ரயில்வே கேட் மூடியிருந்தது. கூட்ஸ் வண்டி ஒன்று நகர மனமில்லாமல் நகர்ந்துகொண்டிருந்தது. "ஏண்ணே, தெறந்து விடுங்கண்ணே, இன்ஸ்பெக்டர் வாராரு!" என்று காதர் கேட்காரரிடம் கெஞ்ச, "ரயிலுக்கு எந்த இன்ஸ்பெக்டரையும் தெரியாதுப்பா" என்று அவர் பீடியைப் பற்ற வைத்தார். அந்த நேரத்தில்தான் பக்கத்து மளிகைக் கடை வாசலில், வாய் திறந்து நின்ற கல்லுப்பு மூட்டை என் கண்ணில் பட்டது.

அதற்கு முந்தைய வருஷம் பேரையூரில் ஒரு பணக்காரக் கல்யாணத்தில் ஐஸ்கிரீம் செய்வதைப் பார்த்திருந்தேன். மர வாளிக்குள் தகர டப்பாவை வைத்து, சுற்றிலும் ஐஸைக் கொட்டி, அதன்மேல் உப்பை அள்ளிப் போட்டுக் கைப்பிடியைச் சுற்றினார்கள். "உப்பு போட்டாத்தான் குளுரு ஏறும்" என்று சமையல்காரர் சொன்னது என் மனத்தில் அப்படியே நின்றுவிட்டது. குளிர் ஏறினால் ஐஸ் உருகாது. உருகாத ஐஸைக் கொண்டுவந்த பெருமை பாதி எனக்கும் வரும். காதர் கேட்டைப் பார்த்து நிற்க, நான் வாளியைத் திறந்து, மரத்தூளை வழித்து வெளியே தள்ளி, சாக்கை விலக்கி, இரண்டு கை கல்லுப்பை அள்ளிக் கட்டியின்மேல் நன்றாகத் தேய்த்து மூடினேன்.

தத்தனேரி தாண்டியதும் காதர் கேட்டான்: "என்னடா மாப்ள, வாளிக்குள்ள தளக்கு தளக்குன்னு சத்தம் கேக்குது?"

"ரோடு சரியில்லடா."

பள்ளிக்கூடத்தில் திறந்தபோது, தேய்ந்த சோப்பு வில்லையளவு ஐஸ் தண்ணீரில் மிதந்தது. நான் விரலை நனைத்து நக்கிப் பார்த்தேன். கரித்தது. "ஏன்டா இப்பிடி ஆச்சு?" என்று டீச்சர் பதறியதும், என் வாய் என்னைக் கேட்காமலே பேசியது.

"காதர் மெதுவா மிதிச்சான் டீச்சர்."

காதர் என்னைப் பார்த்தான். பிறகு தன் கால்களைப் பார்த்தான். கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. அவன் நான் சொன்னதை நம்பிவிட்டான்.

டீச்சர் துணியில் வடிகட்டி முடிப்பதற்குள் அந்த வில்லையும் காணாமல் போயிருந்தது. இன்ஸ்பெக்டர் வந்து உட்கார்ந்தார். "ஐஸ்கட்டின்னாங்களே, எங்கப்பா?" என்றார். காதர் கைகட்டி நின்று, "திடம் வழியிலேயே முடிஞ்சு போச்சு சார். நான் திரவத்துல இருந்து ஆரம்பிக்கிறேன்" என்றான். இன்ஸ்பெக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொள்ளும் அளவுக்குச் சிரித்தார். ஸ்டவ்வில் தண்ணீர் கொதித்தது; காதர் தட்டைக் கவிழ்த்துப் பிடித்து, ஆவி மறுபடி துளியாவதையும் காட்டினான். எல்லாம் வற்றியபின் சட்டியின் அடியில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது.

"இது என்னம்மா?"

"இந்த ஊர்த் தண்ணி ஒரே உப்பு சார்" என்றார் டீச்சர்.

"எங்க வீட்டுப் பாத்திரமும் இதே கதிதான்" என்று தலையாட்டினார் இன்ஸ்பெக்டர். வகுப்பில் நான் ஒருவன் மட்டும் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் பாராட்டிவிட்டுத்தான் போனார். டீச்சர் காதரின் தலையைக் கோதி, "இன்னுங் கொஞ்சம் வேகமா மிதிச்சிருந்தா கட்டியாவே வந்திருக்கும்ல?" என்றார். அன்போடு சொன்னதுதான். ஆனால் பையன்களுக்கு அது போதுமானதாக இருந்தது. அன்று மாலைக்குள் "ராக்கெட்" போய், "கட்டவண்டி காதர்" வந்துவிட்டான். அவனும் கூடச் சேர்ந்து சிரித்தான். ஆனால் அதன்பின் அவன் சைக்கிள் மிதித்ததைப் பார்த்தவன் நான். யாரோ துரத்துகிறமாதிரி மிதிப்பான்.

கல்லூரியில்தான் விஷயம் முழுதாக விளங்கியது: உப்புப் பட்ட ஐஸ் சீக்கிரம் உருகும், உருகும்போது சுற்றியிருப்பதன் சூட்டை இழுத்துக்கொள்ளும், டப்பாவுக்குள் ஐஸ்கிரீம் உறைய, வெளியே இருக்கும் ஐஸ் உருகித்தான் ஆக வேண்டும். பிறகு நானே இயற்பியல் ஆசிரியரானேன். இந்தப் பாடம் வரும் ஒவ்வொரு வருஷமும், கரும்பலகையைப் பார்த்தபடியே அவசரமாக நடத்தி முடித்தேன்.

அந்த ஐஸ் கம்பெனி இருந்த இடத்தில் இப்போது செல்போன் விற்கிறார்கள். உப்பு பாக்கெட்டுக்குள் போய்விட்டதால், மூட்டையை யாரும் கடை வாசலில் வைப்பதில்லை. ஐஸ் எல்லார் வீட்டிலும் சமையலறைக்குள்ளேயே கிடைக்கிறது. அதை ஓட ஓடக் கொண்டுவரும் கால்கள் யாருக்கும் தேவைப்படவில்லை.

போன ரம்ஜானுக்குக் காதர் வீட்டுக்குப் போயிருந்தேன். மூட்டுவலியால் காலை நீட்டி உட்கார்ந்திருந்தவன், பேத்தியிடம் வழக்கம்போல அதே கதையை ஆரம்பித்தான்: "ஒங்க தாத்தா ஆமை மாதிரி மிதிச்ச மிதியில ஐஸே தண்ணியாப் போச்சு!" பேத்தி கைதட்டிச் சிரித்தாள். பிரியாணித் தட்டைக் கீழே வைத்துவிட்டு, கேட், உப்பு, நான் சொன்ன பொய் எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன்.

காதர் நிமிர்ந்து உட்கார்ந்தான். பிறகு, "சட்டில வெள்ளையா ஒட்டிருந்துச்சே, அதா?" என்று கேட்டான்.

"அதேதான்."

திட்டுவான் என்று காத்திருந்தேன். அவன் நீட்டியிருந்த கால்களை ஒருமுறை பார்த்துக்கொண்டான். முழங்காலை மெல்லத் தடவினான். பிறகு பேத்தியைப் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்துக்கொண்டு என்னிடம் சொன்னான்:

"அப்ப நான் வேகமாத்தான் மிதிச்சிருக்கேன். இன்னொரு தடவை சொல்லு மாப்ள, புள்ள கேக்கட்டும்."