அரிப்புக் கரையில் ஒரு கடல்முள்ளி

செத்துப்போன வெள்ளைக்காரனைக் கட்டிக்கொண்டு அழுறாள் எண்டு அம்மா எங்கட பேசாலை ஊர் முழுக்கச் சொல்லித் திரிஞ்சா. பொய்யில்லை. கொழும்பில படிச்சு முடிச்சு வீட்டுக்கு வந்த வருசம், சோத்துக் கோப்பைக்கு முன்னாலயும் எனக்கு அவன்ர நினைப்புத்தான்.

ஆள் விக்டோரியா மகாராணி காலத்தவன். கல்லுக்குள்ள கல்லாப்போன சிப்பி, சங்கு, மீன்முள்ளு எண்டால் அவனுக்கு உயிர். தகப்பன் சப்பாத்துத் தைக்கிறவர். பள்ளிக்கூடத்தைப் பாதியில விட்டுப்போட்டு, சுத்தியலோட இங்கிலாந்துக் கரையெல்லாம் நடந்து தானாப் படிச்சான். அரசாங்கத்தில சின்ன உத்தியோகம் கிடைச்சுது. ஆனால் பெரிய இடத்துப் பிள்ளைகள் அவன்ர தலைக்கு மேலால ஏறிப் போனாங்கள். இவன்ர வாயும் லேசில்லை. கூட்டம் எண்டு போனால் ஆரோடயாவது கொழுவாமல் வரமாட்டான். அவன்ர புத்தகங்களுக்குப் படம் கீறினது பெண்சாதிதான். அவ செத்தாப் பிறகு மனுசன் ஒரு இடத்தில இருக்கேல்ல.

அப்பிடி அலைஞ்ச காலத்திலதான் எங்கட கரைக்கும் வந்தான். அரிப்பு எண்ட ஊருக்குத் தெற்க, கடல் அரிச்ச மேட்டில, கல்லாப்போன கடல்முள்ளி, அதுதான் உடம்பெல்லாம் முள்ளுள்ள உருண்டைக் கடற்பிராணி, ஒண்டு எடுத்தான். முதுகில பூமாதிரி அஞ்சு இதழ். இதழ் ஓரத்தில ஊசியால குத்தினமாதிரித் துளைகள். மற்றக் கடல்முள்ளிகளுக்கு அது இரட்டை இரட்டையா இருக்கும், இதுக்கு மும்மூண்டா இருந்ததாம். உலகத்தில வேறெங்கயும் இப்பிடி இல்லை எண்டு எழுதினான். அதை வைச்சு இங்கிலாந்துக்கு அனுப்பின பெட்டி கப்பலோட கடலில தாண்டுபோச்சு. பிறகென்ன, புளுகன் எண்டு பேர். கிழவனானாப் பிறகு வேற ஏதோ வேலைக்கு ஒரு பதக்கம் குடுத்தாங்கள். கடல்முள்ளியைப் பற்றி ஒருத்தனும் வாய் திறக்கேல்ல. தான் கண்டது கண்டதுதான் எண்டு சொல்லிச் சொல்லியே அவன் செத்தான்.

கொழும்பில எனக்குப் படிப்பிச்ச சேரும் அவனை நம்பேல்ல. அந்தக் கடல்முள்ளி உண்மையெண்டால் ஒண்டைக் கொண்டு வா, உன்னை என்ர ஆய்வுகூடத்திலயே வைச்சிருக்கிறன் எண்டார். பகிடிக்குச் சொன்னாரோ தெரியாது, நான் பிடிச்சுக்கொண்டன். எனக்கு அந்த வேலை வேணும். கருவாட்டு மணத்துக்க இருந்து, வாற சம்பந்தக்காரருக்குத் தேத்தண்ணி நீட்டி நீட்டி எனக்கு விசர் பிடிக்கப் பார்த்தது.

அம்மா ஒரே பிடியா நிண்டா. கன்னியாஸ்திரிமாரின்ர பள்ளிக்கூடத்தில படிப்பிக்கலாம், கலியாணம் கட்டலாம், கொழும்புக்கு மட்டும் விடமாட்டன் எண்டா. அப்பா இருந்திருந்தால் விட்டிருப்பார் எண்டு நான் கத்துவன். அவவும் விடமாட்டா, அப்பாதான் உன்னைக் கெடுத்தவர் எண்டு திருப்பிக் கத்துவா.

மாமாவின்ர வள்ளத்தில தொத்திக்கொண்டு அரிப்புக்குப் போறதும், வெறுங்கையோட வாறதும், மூஞ்சை கறுத்ததும்தான் மிச்சம். ஒருநாள் காலுக்குக் கீழ கிடந்தது. மண் அப்பி, தயிர்ச் சட்டி மூடியளவு. எச்சில் தொட்டு ஒரு ஓரத்தைத் துடைச்சுப் பூதக்கண்ணாடியை வைச்சுப் பார்த்தன். மும்மூண்டு துளை. அடப்பாவி, நீ பொய் சொல்லேல்லையடா எண்டு பலமாச் சொன்னன். மாமா எனக்கு வெயில் அடிச்சிட்டுது எண்டு நினைச்சார்.

மண்ணோடயே கொண்டுபோக வேணும், சேர்தான் ஊசியால துப்புரவாக்குவார். படம் பிடிக்க எங்களிட்டக் கமெரா இல்லை. நான் கீறினால் மாம்பழமும் பூசணிக்காயாத்தான் வரும். அதால துணியில சுத்தி அலுமாரிக்க வைச்சன். அம்மா எடுத்துப் பார்த்திருக்கிறா. சிலுவையில ஆண்டவருக்குப் பட்ட அஞ்சு காயமெல்லோ இது எண்டு கேட்டா. பிறகு ஒண்டும் கதைக்கேல்ல. நான் ரயிலுக்குப் போறன் எண்டு சொன்னதுக்கும் கதைக்கேல்ல. அவ கத்தினதை விட அந்தப் பேசாமைக்குத்தான் நான் பயந்தனான்.

உயிர்த்த ஞாயிறு முடிஞ்ச விடிய, அலுமாரிக்க கல்லைக் காணேல்ல. பெட்டியைத் தூக்கிக்கொண்டு அம்மாவைத் தேடி வெளிய வந்தன். வாசல் படலையடியில அம்மா. கையில புதுக் கைலேஞ்சித் துணி, அதுக்குள்ள கல்லு. கோயில் மெழுகுதிரித் தண்டுகளை மினுக்கிறமாதிரி, பழப்புளியில ஊறப்போட்டு, செங்கல் தூள் போட்டுத் தேங்காய்த் தும்பால உரஞ்சியிருந்தா. புளி அரிச்சுக் கல்லு முட்டை மாதிரி வழுவழுவெண்டு இருந்தது. இதழ்கள் நிழல்மாதிரித் தெரிஞ்சுது. துளை ஒண்டுகூட இல்லை.

"நுரைச்சு நுரைச்சு ஊத்தையெல்லாம் போயிட்டுது பிள்ளை," எண்டா. "பெரிய ஆக்களிட்ட ஊத்தையோட கொண்டுபோகக் கூடாது. போயிட்டு வா. வேலை தந்தால் அங்கயே நில்லு."

எனக்குக் கத்த வேணும் போல இருந்தது. அவவின்ர விரலெல்லாம் செங்கல் சிவப்பு.

ரயிலேறிப் போனன். சேர் கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இதில ஒண்டும் தெரியேல்லையே எண்டார். நான் கண்டனான் சேர் எண்டன். அந்த வெள்ளைக்காரனும் அப்பிடித்தான் சொன்னவன் எண்டு சிரிச்சார். வேலை வேற ஆருக்கோ போச்சு.

திரும்பி வந்த அண்டைக்கு அம்மா ஸ்டேசனுக்கே வந்து நிண்டா. பெட்டியைப் பார்த்தா, என்ர முகத்தைப் பார்த்தா. வேலையைப் பற்றிக் கேட்கேல்ல.

"கல்லு சேருக்குப் பிடிச்சுதோ?"

"ஓம் அம்மா. இவ்வளவு துப்புரவா ஒருத்தரும் கொண்டுவரேல்லையாம்."

அம்மாவுக்கு முகம் மலர்ந்துபோச்சு. என்ர கையில இருந்த பெட்டியைப் பறிச்சுத் தன்ர தலையில வைச்சுக்கொண்டு முன்னால நடந்தா.