கொரட்டூர் ஸ்டேஷனை நான் அளந்தபோது

ஐம்பத்திரண்டு வயதில் நான் சொன்ன ஒரு சின்னப் பொய்யால் கொரட்டூரில் ரயில்வே லைனை ஒட்டியிருந்த ஏழெட்டு குடும்பங்கள் ஒரு மாதம் நிம்மதி இல்லாமல் இருந்தன. நான் மட்டும் அந்த மாதம் நல்ல காபி குடித்துக்கொண்டிருந்தேன்.

அப்பா ஜோலார்பேட்டை ஜங்ஷனில் டிக்கெட் கொடுக்கும் கிளார்க். எனக்கு எட்டு வயதாகும்போது, எங்கள் வரிசையில் குடியிருந்த ஒரு ஆங்கிலோ-இந்திய என்ஜின் டிரைவர் குடும்பம் நாட்டை விட்டே கப்பலேறியது. கொண்டுபோக முடியாத சாமான்களை அக்கம்பக்கத்தில் கொடுத்துவிட்டுப் போனார்கள். எதிர்வீட்டுக்குத் தையல் மெஷின் போனது. எங்களுக்கு ஒரு ரயில் வந்தது. சாவி கொடுத்தால் ஓடும் கறுப்பு என்ஜின், மூன்று பெட்டிகள், வட்டமாகப் பூட்டிக்கொள்ளும் தகரத் தண்டவாளம். நானும் தம்பியும் ஐந்து வருடம் அதை ஓட்டித் தீர்த்தோம். நான் தண்டவாளம் போடுவேன், பாலம் கட்டுவேன், கவிழ்ந்த பெட்டியை எடுத்து நிறுத்துவேன். தம்பிக்கு விசில் ஊதுகிற வேலை மட்டும்தான்.

பதிமூன்று வயதில் நான் பெரியவளானேன். "பொம்பளப் புள்ள தரையில மண்டி போட்டு ரயில் விட்டதெல்லாம் போதும்" என்று அம்மா சொல்லிவிட்டாள். விசில் ஊதியவனுக்கு மொத்த ரயில்வேயும் போய்ச் சேர்ந்தது.

அதற்கப்புறம் படித்து, ஆவடியில் ஒரு ராணுவத் தொழிற்சாலையின் டிராயிங் ஆபீஸில் டிரேசராகச் சேர்ந்தேன். என்ஜினியர்கள் பென்சிலில் போட்ட படத்தின் மேல் மெல்லிய டிரேசிங் துணியை விரித்து, மையால் நகலெடுப்பது என் வேலை. எந்த வண்டியின் எந்தப் பாகம் என்று எங்களுக்குச் சொல்லமாட்டார்கள். கோடு மட்டும் பிசகக் கூடாது. இருபத்தெட்டு வருடம் அப்படிப் பிசகாமல் போட்டேன். என் வீட்டுக்காரர் அதே தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் பிரிவு. குவார்ட்டர்ஸில் இருந்து, பிறகு கொரட்டூரில் ஒரு சின்ன வீடு கட்டி வந்தோம். பெண்ணைத் திருச்சியில் கொடுத்தாயிற்று. முழங்கால் வலி வந்ததும் நான் முன்கூட்டியே ஓய்வு வாங்கிக்கொண்டேன். தொண்ணூறாம் வருடம் அது.

வீட்டில் உட்கார்ந்த மூன்றாவது மாதம் காட்பாடியிலிருந்து தம்பியின் கடிதம் வந்தது. வீடு மாறுகிறானாம். "பழைய ரயில் டப்பா பரண் மேல் இருக்கிறது. இரும்புக்காரனுக்குப் போட்டுவிடட்டுமா, உனக்கு வேண்டுமா?" என்று கேட்டிருந்தான். பதில் எழுதினால் அதற்குள் போட்டுவிடுவானோ என்று பயம். மறுநாள் காலையிலேயே கிளம்பினேன்.

"என்ன திடீர்னு? தம்பிக்கு உடம்புக்கு ஏதாவதா?" என்றார் வீட்டுக்காரர்.

"தம்பி நல்லாத்தான் இருக்கான். ஒரு டப்பாவைக் கொண்டுவரணும்."

டப்பாவில் சாவி இல்லை. தண்டவாளமெல்லாம் துரு. மண்ணெண்ணெயில் ஊறவைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். என்ஜினுக்குத் தையல் மெஷின் எண்ணெய் விட்டேன். சுவர்க் கடிகாரத்தின் சாவியை ஒரு சந்தேகத்தோடு செருகிப் பார்த்தால், அதற்கென்றே செய்தது மாதிரி உட்கார்ந்தது. நாலு சுற்றுக் கொடுத்துத் தரையில் வைத்தேன். கர்ரென்று கிளம்பி ஹாலைக் கடந்து போய், பேப்பர் படித்துக்கொண்டிருந்த வீட்டுக்காரரின் கால் கட்டைவிரலில் மோதி நின்றது. அவர் பேப்பரை இறக்கி என்ஜினைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்றேன்.

"நான் எதுக்குச் சொல்றேன்? எனக்கு மானம் இல்லையா?" என்றார்.

பெண்ணின் அறை காலியாக இருந்தது. அதில் பலகை அடித்து மேஜை போட்டேன். வெறும் வட்டத்தில் ஓட்ட மனசு ஒப்பவில்லை. ரயில் என்றால் ஒரு ஊருக்குப் போய்ச் சேர வேண்டாமா? கொரட்டூர் ஸ்டேஷனையே செய்வது என்று முடிவெடுத்தேன். அங்கேதான் என் டிரேசர் புத்தி குறுக்கே வந்தது. கண்ணால் பார்த்துத் தோராயமாகச் செய்ய என் கைக்குத் தெரியாது. அளவு வேண்டும்.

காலை அலுவலகக் கூட்டம் வடிந்த பிறகு, கையில் ஃபைல், மூக்கில் கண்ணாடி, தையல் டேப்போடு ஸ்டேஷனுக்குப் போனேன். பெஞ்சு, தண்ணீர்க் குழாய், பெயர்ப் பலகை எல்லாவற்றையும் அளந்து குறித்துக்கொண்டேன். பிளாட்பாரத்தை எண்ணி எண்ணி நடந்தேன். இரண்டாம் நாள் ஸ்டேஷன் மாஸ்டர் வெளியே வந்தார்.

"மேடம், எந்த டிபார்ட்மெண்ட்?"

"டிராயிங் ஆபீஸ்" என்றேன். "இருந்தேன்" என்று சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். வாய் அங்கேயே நின்றுவிட்டது.

"உள்ளே வாங்க. வெயில்ல எதுக்கு நிக்கணும்?" என்று நாற்காலி போட்டு, டீ சொல்லி, நூறு அடி டேப் ஒன்றையும் எடுத்துக் கொடுத்தார். ஒரு முனையைப் பிடிக்க போர்ட்டரையும் அனுப்பினார். மனசுக்குள் குறுகுறுத்தாலும், அந்த டேப்பைத் திருப்பிக் கொடுக்க எனக்கு மனமில்லை. அப்படி அருமையான டேப். ரயில்வே கேட் வரைக்கும் அளந்துவிட்டேன்.

கேட்டை ஒட்டி எங்கள் பால்காரரின் மாட்டுக் கொட்டாய். அந்தக் கிராமத்துப் பழைய குடும்பம் அவருடையது. நிலமெல்லாம் வீட்டு மனையாகிப் போக, மிச்சம் இருந்தது அந்தக் கொட்டாயும் பின்னால் ஒரு வீடும் ஆறு மாடுகளும்தான். சைக்கிளை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் வந்தார்.

"இன்னாக்கா, ரெண்டு நாளா ஸ்டேஷனை அளந்துகினு கீற?"

பொம்மை ரயிலுக்கு என்று சொல்ல நாக்கு எழவில்லை. பேரன் எடுக்கிற வயசு. போர்ட்டர் வேறு டேப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான்.

"ஒண்ணுமில்ல. ஒரு ஆபீஸ் வேலை" என்றேன்.

"எங்க கொட்டாயாண்டையும் அளந்தியா?"

"அங்கயும்தான்."

"இன்னாத்துக்குக்கா?"

"மேலிடத்துல இன்னும் முடிவு பண்ணல" என்றேன். மேலிடம் என்றால் நான்தான். கொட்டாயைப் படத்தில் சேர்ப்பதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அவர் சைக்கிளில் ஏறாமல், அதைத் தள்ளிக்கொண்டே போனார்.

மறுநாள் காபியை ஒரு வாய் குடித்ததும் வீட்டுக்காரர் டம்ளரைக் கீழே வைத்தார். "பால்காரருக்கு என்ன ஆச்சு? குழாயில தண்ணி வரலையா?"

அவ்வளவு கெட்டிப் பால். அதோடு நிற்கவில்லை. முருங்கைக்காய் வந்தது, கீரை வந்தது, ஒரு நாள் தூக்கு நிறைய சீம்பால் வந்தது. கேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஒருவர், முகம்கூட எனக்குச் சரியாகத் தெரியாது, ஒரு வாழைத்தாரைக் கொண்டுவந்து வாசல் திண்ணையில் சாய்த்துவிட்டு, "பாத்துச் செய்ங்கம்மா" என்று போனார். என்ன செய்ய வேண்டும் என்று கேட்பதற்குள் ஆளைக் காணோம்.

"இருபது வருஷம் குவார்ட்டர்ஸ்ல இருந்தோமே, ஒரு கொத்து கறிவேப்பிலை கொடுத்திருப்பானா?" என்றார் வீட்டுக்காரர். "இது மரியாதை தெரிஞ்ச ஊரு." சீம்பாலை வெல்லம் போட்டுக் காய்ச்சச் சொல்லி இரண்டு முறை சாப்பிட்டார்.

நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். என் ரயில் நிஜ ரயிலில் நாற்பத்து மூன்றில் ஒரு பங்கு. அந்த அளவில் பிளாட்பாரம் பதினேழு அடி வந்தது. அறையின் நீளம் பத்தடி. பிசகாமல் செய்வதென்றால் சமையலறைச் சுவரை இடித்துக்கொண்டு அடுப்புக்குப் பக்கத்தில்தான் பிளாட்பாரம் முடியும். இருபத்தெட்டு வருடத்தில் முதல் தடவையாக ஒரு படத்தைக் கத்தரித்தேன். கல்யாணப் பத்திரிகை அட்டைகளில் டிக்கெட் கவுண்டர் கட்டினேன். மரத்தூளில் பச்சைச் சாயம் கலந்து புல் போட்டேன். உடைந்த பீரோக் கண்ணாடி ஏரியானது. கேட், கேட்காரர் அறை, வேப்பமரம் எல்லாம் அமைந்தது. இடம் போதாததால் மாட்டுக் கொட்டாயை விட்டுவிட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வாசலில் பேச்சுச் சத்தம். பால்காரரும் அவர் மனைவியும் இன்னும் ஐந்தாறு பேரும் நின்றார்கள். எல்லாரும் வெளுத்த துணி கட்டியிருந்தார்கள். பால்காரர் கையில் ஒரு மனு. கீழே வரிசையாகக் கையெழுத்தும் கைநாட்டும்.

"அக்கா, நீ நம்ம ஊட்டு மனுசி மாதிரி. புது லைன் போடுறது போடட்டும். இந்தப் பக்கம் வேணாம்னு ஒரு வார்த்தை எழுதிடு. அந்தப் பக்கமாத் தள்ளிக்கச் சொல்லு" என்றார் பால்காரர்.

"அந்தப் பக்கம்னா? அங்க எங்க ஊடு கீதே, அத்த இடிச்சா பரவால்லியா?" பின்னாலிருந்து ஒரு குரல். வாழைத்தார்க்காரர். அவரும் ஒரு மனுவோடு நாலு பேரைக் கூட்டிக்கொண்டு அப்போதுதான் வந்துசேர்ந்திருந்தார்.

இரண்டு பக்கத்தாரும் என் வாசலிலேயே சண்டை போட ஆரம்பித்தார்கள். பனியனோடு எட்டிப் பார்த்த வீட்டுக்காரர், "என்ன லைன்? யார் இடிக்கிறாங்க?" என்று ஒவ்வொருவரையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். பால்காரரின் மனைவி மட்டும் சத்தமே போடவில்லை. முந்தானையைச் சுருட்டிப் பிடித்தபடி என்னிடம் மெதுவாகச் சொன்னாள்: "நூம்பல்ல எங்கண்ணன் கைல மாடு கட்ட எடம் கேட்டு வச்சிருக்கோம். அம்மாந்தூரத்துலேர்ந்து பால் கொண்டாந்து ஊத்த முடியுமாக்கா?"

நூம்பல் வரைக்கும் என் பொய் போயிருக்கிறது. "எல்லாரும் உள்ளே வாங்க" என்று சொல்லி, அறைக் கதவைத் திறந்து விளக்கைப் போட்டேன்.

மேஜையைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு பேர். நான் சாவி கொடுத்து என்ஜினை விட்டேன். அது கேட்டைத் தாண்டி, ஏரியைச் சுற்றி, பிளாட்பாரத்தில் வந்து நின்றது.

"இதுக்குத்தான் அளந்தேன். லைனும் இல்ல, ஒண்ணும் இல்ல. சின்ன வயசுல விட்ட விளையாட்டு. சொல்ல வெட்கமா இருந்தது. அதான் ஆபீஸ் வேலைன்னு சொல்லிட்டேன். என்னை மன்னிச்சிடுங்க."

வாழைத்தார்க்காரர் முதலில் சிரித்தார். அவர் சிரித்ததும் எல்லோரும் சிரித்தார்கள். பால்காரர் மட்டும் சிரிக்கவில்லை.

"மெய்யாலுமே லைன் இல்லியா?"

"மெய்யா இல்ல."

"அப்ப நான் ஒரு மாசமா தண்ணி கலக்காம ஊத்துனது?"

வீட்டுக்காரர் சட்டென்று கொடியிலிருந்த சட்டையை எடுத்துப் போட்டுக்கொள்வதில் மும்முரமானார். பால்காரர் மனைவி தன் புருஷன் முதுகில் ஒரு தட்டுத் தட்டி, "வாயக் குடுத்து மாட்டிகினியா?" என்றாள். பால்காரர் மேஜை மேல் குனிந்து தேட ஆரம்பித்தார். கேட்டைப் பார்த்தார். கேட்காரர் அறையைப் பார்த்தார். வேப்பமரத்தை விரலால் தொட்டார். மரத்துக்கு அப்புறம் வெறும் மரத்தூள் புல்.

"எங்க கொட்டாய் எங்க?"

"இடம் பத்தல. அதான்..."

"இன்னாக்கா இது! எங்க பாட்டன் காலத்துலேர்ந்து கீற கொட்டாய். ஸ்டேஷன் வர்றதுக்கு முன்னாடியே கீது. அத்த தூக்கிட்டியா?"

பத்து நிமிடத்துக்கு முன்னால், கொட்டாயில் கை வைக்காதே என்று மனு கொடுக்க வந்தவர். இப்போது நிஜமாகவே கோபம் வந்து மூச்சு வாங்கியது அவருக்கு. அந்தப் பக்கத்துக்காரர்களும் தங்கள் வீட்டைத் தேட ஆரம்பித்தார்கள். யாருடைய வீடும் இல்லை. ஸ்டேஷனைத் தவிர அந்த ஊரில் ஆள் குடியிருப்பதாகவே என் மேஜையில் தெரியவில்லை. இத்தனை அளந்தும் அது எனக்கு உறைக்கவே இல்லை.

மறுநாள் காலையில் கொட்டாய்க்கே போனேன். இன்னொரு தடவை மன்னிப்புக் கேட்டேன். பிறகு ஃபைலை எடுத்தேன். பால்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாலும் டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். ஸ்டேஷன் மாஸ்டரிடமும் போய் உண்மையைச் சொன்னேன். அவர், "டிக்கெட் கவுண்டர்ல கம்பி எத்தனை வச்சிருக்கீங்க?" என்று கேட்டார். நான் ஒன்று குறைத்து வைத்திருந்தேன்.

கொட்டாய்க்கு நிஜ வைக்கோலையே கொடுத்தார் பால்காரர். ஆறு மாடுகளையும் களிமண்ணில் செய்தேன். கொம்பு உடைந்த மாடு எது என்று வந்து காட்டிவிட்டுப் போனார். அந்தப் பக்கத்து வீடுகளுக்காக மேஜையை ஒன்றரை அடி நீட்டினோம். பிள்ளையார் கோயில், டீக்கடை, லாண்டரி என்று ஊர் பெருத்துக்கொண்டே போனது. ஞாயிற்றுக்கிழமைகளில் யாராவது வந்து தங்கள் வீட்டுக்குப் புதிதாகப் பெயிண்ட் அடித்திருப்பதாகச் சொல்லிவிட்டுப் போவார்கள். நானும் தூரிகையை எடுப்பேன்.

வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற வருடம், ஒருநாள் நான் கடைக்குப் போய்த் திரும்பினால், அறைக்குள் தகரம் வெட்டுகிற சத்தம். பவுடர் டப்பா ஒன்றை வெட்டி, என்னிடம் கேட்காமலே ஒரு கூட்ஸ் வண்டி செய்திருந்தார். உள்ளங்கையில் சிராய்ப்பு, விரலில் துணிக்கட்டு. "நல்லாருக்கா?" என்றார்.

கடைசிப் பெட்டியாகச் சேர்த்தோம். ஏரி வளைவில் தடம் புரண்டது. எடுத்து வைத்தேன். மறுபடியும் அதே இடத்தில் புரண்டது. சக்கரங்களுக்கு நடுவில் ஒரு நூலளவு அதிகம் என்பது எனக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அரை மணி நேர வேலை, சரிசெய்துவிடலாம். "தண்டவாளத்துலதான் கோளாறு" என்றார் அவர், ரொம்பத் தீர்மானமாக. "இருக்கும்" என்றேன். ஒவ்வொரு சுற்றிலும் அந்த வளைவில் விரலை வைத்துக்கொண்டு காத்திருந்து, அவருடைய வண்டியைத் தூக்கித் தூக்கித் தடத்தில் விட்டுக்கொண்டிருந்தேன்.