தலை திருப்புகிற கேமரா

சிசிடிவி மாட்டுகிற வேலை என்றால் திருடனைப் பிடிக்கிற வேலை என்று ஊர் நினைக்கிறது. ஏணி தூக்கித் தோள் தேய்ந்த நம்மைப் போன்றவர்களுக்குத்தான் தெரியும், இது பார்க்க ஆசைப்படுகிறவருக்கும் பார்க்கப்பட ஆசைப்படுகிறவருக்கும் நடுவில் ஒயர் இழுக்கிற வேலை. என் தாத்தா சொன்ன கதைகளில் ராஜா மாறுவேடம் போட்டுக்கொண்டு ஊரைப் பார்ப்பார். அவர் பார்ப்பது ஊருக்குத் தெரியாது. சித்தூரிலும் திருப்பதியிலும் நான் கண்டவரை ஊருக்கு எல்லாம் தெரியும். தெரிந்தால்தான் பிடித்திருக்கிறது.

கௌரி அக்காவின் நிபந்தனை

முனிரத்தினம் அண்ணனுக்கு ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் வேலை. சூளூர்பேட்டையில் ரூம் எடுத்துத் தங்கி, ஞாயிற்றுக்கிழமை மட்டும் சித்தூர் வருவார். மற்ற நாளில் மனைவி கௌரி அக்காவைப் பார்க்க வீட்டு ஹாலில் கேமரா கேட்டார். வீடியோ கால் இருக்கிறதே என்றேன். "அதுல பேசணும் தம்பி. எனக்கு சும்மா பாத்துக்கினு இருக்கணும்" என்றார், வெட்கத்தோடு.

அக்கா ஒத்துக்கொண்டார், ஒரே நிபந்தனையோடு: அண்ணன் பார்க்கும்போது தனக்குத் தெரிய வேண்டும். அதனால் தலை திருப்புகிற ரகம் மாட்டினேன். அங்கே அவர் போனில் விரலை நகர்த்தினால் இங்கே கேமரா கிர்ரென்று திரும்பும். முதல் தடவை அது திரும்பியபோது அக்கா முந்தானையைச் சரிசெய்யவில்லை. அதை நேராகப் பார்த்துச் சிரித்துவிட்டு என்னிடம் சொன்னார்: "ஏணிய எட்த்துக்கினு கெளம்பு தம்பி, அவரு வந்துட்டாரு."

திருப்பதி துணிக்கடை

கல்லாவுக்கு மேலே கேமரா படம் ஓடுகிற திரையை உள் அறைக்கு மாற்றச் சொன்னார் முதலாளி. புடவை எடுக்க வருகிறவர்கள் ஆளுயரக் கண்ணாடியை விட்டுவிட்டு அந்தச் சின்னத் திரைக்கு முன்னால் நின்று வழியை அடைக்கிறார்களாம். நான் ஏணி மேல் கழுத்து வலியோடு நிற்கையிலேயே நடுவயதுப் பெண் ஒருவர் மாம்பழ நிறப் புடவையைத் தோளில் போட்டுக்கொண்டு, திரையில் தன் முதுகைப் பார்க்க அப்படியும் இப்படியும் திரும்பினார். கண்ணாடி அந்தப் பக்கம் இருக்கிறதம்மா என்றேன். தெலுங்கில் ஆரம்பித்துத் தமிழில் முடித்தார்: "ஏமய்யா, கண்ணாடியில நான் மட்டும்தான பாக்கறேன். இதுல யாரோ பாக்கற மாதிரி கீது."

எதிர்வீட்டு சார்

சித்தூரில் ரிட்டயர்டு தாசில்தார் ஒருவர். எதிர்வீட்டுக் கேமரா தன் வராந்தாவைப் பார்க்கிறது என்று சண்டை. இரண்டு வீட்டிலும் திட்டு வாங்கி, அதைத் தெருமுனைக்குத் திருப்பி வைத்தேன். கொஞ்ச நாளில் அவரே கூப்பிட்டார். சண்டை போட்டபோது மடிப்புக் கலையாத வேட்டியில் பேப்பர் படித்தவர், இப்போது லுங்கியில், சவரம் செய்யாத முகத்தோடு. குரலைத் தாழ்த்திக்கொண்டார்: "கொஞ்சம் இந்தப் பக்கமே திருப்பி வெச்சிடுப்பா. நான் திட்னத எல்லாம் மனசுல வெச்சிக்காத."

திரும்பாத ரகம்

முனிரத்தினம் அண்ணன் மறுபடி போன் செய்தார். கேமராவை எடுத்துவிட்டு, திரும்பாமல் சத்தமில்லாமல் ஹால் முழுக்கக் காட்டுகிற ரகம் வேண்டுமாம். அக்காவிடம் மோட்டார் ரிப்பேர் என்று சொல்லிவிட வேண்டுமாம். "கிர்ருன்னு கேட்டதும் அவ ரெடி ஆயிட்றா தம்பி. பூவு வெச்சிக்கினு நிக்கறா. நான் பாக்காதப்ப எப்டி இருப்பாள்னு ஒரு தபா பாக்கணும்." ஆசை புரிந்தது. உரக்கப் பேசி மறுக்க எனக்கு வராது. சித்தூர் போய் ஏணியைச் சுவரில் சாய்த்தேன், ஏறவில்லை. அக்கா ஒத்துக்கொண்டது இந்தக் கேமராவுக்கு இல்லையே. அக்காவிடம் உள்ளதைச் சொல்லிவிட்டேன்.

அக்கா கத்தவில்லை. ஏணியில் தானே ஏறி, தோளில் கிடந்த துண்டைக் கேமராவின் மேல் போர்த்தினார். துண்டுக்குள் அது கிர்ர், கிர்ரென்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தேடியது. போன் அடித்தது. ஸ்பீக்கரில் அண்ணன், "ஒண்ணுமே தெரியலியே கௌரி?" என்றார். அக்கா ஏணி மேலிருந்தே சொன்னார்: "நீ பாக்காதப்ப நான் எப்டி இருப்பேன்னு பாக்கணும்னா, பஸ்ஸு ஏறி வந்து கதவத் தட்டு."

புதன்கிழமையே வந்து தட்டினாராம், துண்டையும் எடுத்தாயிற்றாம். பார்க்கிறவர்களும் பார்க்கப்படுகிறவர்களும் எப்படியோ சமாதானமாகிவிடுகிறார்கள், நடுவில் சுவரைத் துளைத்துத் தூசு தின்கிறவர்கள் நாம்தான்.