மரத்தடி நிறுத்தம்

டெப்போவில் அவரை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'டைம்' என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். முப்பத்தொரு வருஷம் பஸ் ஓட்டியவர். ஒரு நாள்கூட நேரம் தப்பி வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தியதில்லை. பாதையில் இருந்த கடைக்காரர்கள் தன் வண்டியைப் பார்த்துத்தான் கடிகாரத்தைத் திருத்தினார்கள் என்று அவரே சொல்லிக்கொள்வார். கொஞ்சம் அளப்புதான், ஆனால் அளக்கிற அளவுக்கு விஷயமும் இருந்தது. ஓய்வு பெற்ற பிறகும் மனுஷன் மாறவில்லை. காலை ஆறேகாலுக்கு டீ வந்தாக வேண்டும். ஆறு பதினாறு ஆகிவிட்டால் "உள்ள என்ன நடக்குது?" என்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்தைக் காதில் போட்டுக்கொள்வதை அவர் மனைவி நிறுத்திப் பல வருஷம் ஆகிறது.

அப்பேர்ப்பட்டவரின் மகள் ஒரே வாரத்தில் இரண்டு நாள் வேலைக்குத் தாமதமாகப் போனாள். ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை செய்கிற இடத்தில் வேலை; சேர்ந்து ஒரு மாதம்தான் ஆகிறது. இன்னொரு நாள் தாமதமானால் வரவே வேண்டாம் என்று மேலதிகாரி முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். அவள் என்ன செய்வாள், பாவம்! ஏழு பத்து பஸ்ஸுக்கு ஏழு மணிக்கே தெருமுனைப் பெரிய மரத்தடியில் போய் நிற்கிறாள். பஸ் நிற்காமல் போகிறது. அடுத்த நிறுத்தத்துக்கு நடந்தால் இருபது நிமிஷம்.

"நீங்க ஓட்டினப்ப இப்படியாப்பா ஆளை விட்டுட்டுப் போவீங்க? இவங்களுக்கெல்லாம் மனசாட்சியே கிடையாது" என்றாள்.

அவர் டீயைக் கிளறினார். சர்க்கரை எப்போதோ கரைந்திருந்தது.

"அந்த மரத்தடியில நிக்கிறதுக்கு நடந்தே போயிடலாம்" என்றாள் மனைவி, அடுப்படியிலிருந்து. அவள் எப்போதும் அப்படித்தான் சொல்வாள். ஏன் என்று அவர் கேட்டதில்லை.

இங்கே ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன், மனுஷன் கோபித்துக்கொண்டாலும் சரி. அந்த 'டைம்' என்ற பட்டம் இந்த மரத்தடியில் சம்பாதித்ததுதான். இங்கே நின்றால் இரண்டு நிமிஷம் போகும். நிற்பதோ ஒருவர், மிஞ்சினால் இரண்டு பேர். அதனால் மரம் நெருங்கும்போது கண்ணைத் தூரத்து வளைவில் குத்திவைத்துக்கொள்வார். அப்புறம் எதுவும் தெரியாது, யாரும் இல்லை, வண்டி பாட்டுக்குப் போய்விடும். யாராவது புகார் சொன்னால் "நிழல்ல ஆள் தெரியலை" என்பார். சொல்லிச் சொல்லிக் கடைசியில் அவரே அதை நம்பிவிட்டார். அவருக்கு அந்தப் பஸ்காரன்மேல் கோபம் வரவில்லை. மகள் வேலை போய்விடுமோ என்கிற பயம் ஒரு பக்கம். தான் யார் என்று மகளுக்குத் தெரிந்துவிடுமோ என்கிற பயம் இன்னொரு பக்கம்.

டெப்போவுக்குப் போய்க் கேட்டார். "நிறுத்தம் லிஸ்ட்டுல இருக்குண்ணே. பழைய பலகை ரோடு போட்டப்ப போச்சு. புதுசு வரும்போது வரும்" என்றார்கள். அந்த 'வரும்போது வரும்' என்றால் என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியாதா?

வீட்டுக்கு வந்ததும் பழைய கட்டிலின் தலைமாட்டுப் பலகையைக் கழற்றினார்.

"கட்டிலை விட்டு வெச்சீங்களே, பெரிய மனசுதான்" என்றாள் மனைவி.

தச்சரிடம் உளி இரவல் வாங்கி ஐந்து நாள் உட்கார்ந்து செதுக்கினார்; அதுவரை மகள் விடிந்ததுமே கிளம்பி அடுத்த நிறுத்தத்துக்கு நடந்து போனாள். 'நிறுத்தம்' என்று ஒரே ஒரு சொல். ஓடுகிற வண்டியிலிருந்து அதற்குமேல் படிக்க முடியாது. 'று'வின் வளைவில் உளி நழுவி விரலைக் கிழித்தது. எழுத்துப் பள்ளங்களில் கறுப்புப் பெயின்ட் ஊற்றிக் காயவைத்தார். நன்றாகத்தான் வந்திருந்தது.

மரத்தடியில் பஞ்சர் கடை. ஆணியும் சுத்தியலுமாக அவர் வந்ததைப் பார்த்துப் பஞ்சர்கடைக்காரர் எழுந்து ஓடி வந்தார்.

"அண்ணே, ஆணி வேணாம். மரம் பெருக்கும்போது பலகையையே விழுங்கிடும். என்கிட்ட இல்லாத ட்யூபா?"

பழைய லாரி ட்யூபைப் பட்டையாக அறுத்துக் கொடுத்தார். மரம் பெருத்தால் அதுவும் கூடவே நீளுமாம். இரண்டு பேருமாக அடிமரத்தில் பலகையைப் பதித்து, சாலையைப் பார்த்தபடி இழுத்துக் கட்டினார்கள். எதிர்ச்சாரியில் நின்று பார்த்தால் அப்படி ஒரு அழகு.

மறுநாள் காலை பஸ் வந்தது, போயே போய்விட்டது. பஞ்சர்கடைக்காரர் கடையை அப்படியே போட்டுவிட்டுத் தன் ஸ்கூட்டரில் மகளைக் கொண்டுபோய் விட்டார். ஒரே ஒரு நிமிஷ வித்தியாசத்தில் தப்பித்தாள்.

'டைம்' தலையில் அடித்துக்கொண்டார். ஸ்டீயரிங் பிடிக்கிறவன் கண் முன்னால்தானே போகும்? பக்கவாட்டில் என்ன கட்டினாலும் அவனுக்கு எங்கே தெரியப்போகிறது? "முப்பத்தொரு வருஷம் ஓட்டினவன் நான். வண்டியை விட்டு இறங்கினதும் புத்தியும் இறங்கிடுச்சு பாருங்க!"

அடுத்த நாள் மகளுக்கு லீவு; அவர் ட்யூபை அவிழ்த்துப் பலகையை இறக்கினார். சாலைப் பக்கம் நீண்டிருந்த கிளையில் ஒரு குறுக்குக் கட்டையைக் கட்டி, வருகிற பஸ்ஸுக்கு முகம் காட்டும்படி பலகையை அதில் பிணைத்தார். மகள் ஏணியைப் பிடித்துக்கொண்டாள். ஆனால் உயரம் சரியா? தரையில் நிற்கிறவனுக்குத் தெரிந்தால் ஆயிற்றா? கடையில் ஒரு தண்ணீர் லாரி நின்றது. பஞ்சர் ஒட்டி முடிந்திருந்தது. அதன் டிரைவர் டீயும் கையுமாகச் சாவியை நீட்டினார். "எடுத்துட்டுப் போங்கண்ணே. உங்களைத் தெரியாதா?"

வளைவுவரை போய்த் திருப்பிக்கொண்டு வந்தார். அத்தனை நாளுக்கப்புறம் அந்த உயரம் அவருக்குச் சுகமாக இருந்தது. பலகை பளிச்சென்று தெரிந்தது. அப்பாடா என்று மூச்சு விட்டவர், கண்ணைப் பலகையிலிருந்து கீழே இறக்கினார். உச்சி வெயில், மரத்தடியில் நல்ல நிழல். அந்த நிழலில் மகள் நின்றாள். அவள் தோளில் நீலத் துப்பட்டா தெரிந்தது. நெற்றியில் கையை வைத்து லாரியைப் பார்ப்பது தெரிந்தது. குந்தியிருந்த பஞ்சர்கடைக்காரரின் பீத்தல் பனியன்கூடத் தெரிந்தது.

லாரியை நிறுத்தி இறங்கியவர் அங்கே கிடந்த டயர்மேல் உட்கார்ந்துவிட்டார். மகள் ஏணியைக் கொண்டுபோய் வைக்க வீட்டுப் பக்கம் கிளம்பிவிட்டாள்.

"என்னண்ணே, தெரியுதா?" என்றார் பஞ்சர்கடைக்காரர்.

"எல்லாமே தெரியுது."

"ஆளே தெரியுதுன்னா பலகை எதுக்கு?"

"ஆளைப் பார்த்தும் பார்க்காத மாதிரி போயிடலாம். பலகை இருந்தா சாக்குச் சொல்ல முடியாது. அதுக்குத்தான்."

பஞ்சர்கடைக்காரர் அந்த மரத்தடியில் பதினெட்டு வருஷமாகக் கடை போட்டிருக்கிறவர். யார் வண்டி நின்றது, யார் வண்டி நிற்கவில்லை என்று அவருக்குத் தெரியாததா? ட்யூபின் முடிச்சை இன்னொரு முறை இழுத்துப் பார்த்துவிட்டுப் போனார்.

மறுநாள் ஏழு பத்து. அப்பாவும் மகளும் சேர்ந்தே நின்றார்கள். வளைவில் பஸ் தெரிந்தது. பஸ் கொஞ்சம் தயங்கியது, வேகம் குறைந்தது, மரத்தடியில் வந்து நின்றேவிட்டது. சின்ன வயசு டிரைவர் தலையை நீட்டி, "இங்க நிறுத்தம் இருக்கா?" என்றான்.

"எப்பவும் இருக்கு!" என்று சொல்லிக்கொண்டே மகள் படியில் ஏறினாள். "எங்கப்பாவும் டிரைவர்தான். ஒரே ஒரு ஆள் நின்னாக்கூட நிறுத்துவார், தெரியுமா?"

அவர் பேசாமல் இருந்திருக்கலாம். பஸ் போயிருக்கும், விஷயமும் அதோடு போயிருக்கும்.

"இல்ல தம்பி" என்றார். "நான் இங்க நிறுத்தினதே இல்லை. நீங்க நிறுத்தினீங்க. ரொம்ப நன்றி."

மகள் படியில் நின்றபடி அவரைப் பார்த்தாள். அவள் முகத்தில் ஆச்சரியம் இல்லை.

"தெரியும்ப்பா. அம்மா சொல்லியிருக்காங்க. ஒரு நாள் அவங்களையே இங்க விட்டுட்டுப் போயிருக்கீங்க, நான் அப்ப அவங்க இடுப்புல இருந்தேனாம். நீங்களா சொல்லுவீங்களான்னுதான் பார்த்தேன்."

பஸ் கிளம்பிவிட்டது. எத்தனை நிமிஷம் தாமதம் என்று அவர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. அப்படியே வீட்டுக்கு நடந்தார்.

"நிறுத்தினானா?" என்றாள் மனைவி.

"நிறுத்தினான்." வாசற்படியிலேயே நின்றார். "அன்னிக்கு, நிழல் விழுற மாதிரி வெயிலா இருந்துச்சா?"

"என்னிக்கு?" என்றவள் அவர் முகத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டாள். கையைத் துண்டில் துடைத்தாள்.

"மழை" என்றாள். "உள்ள வாங்க, டீ ஆறிப்போகுது."