வேறொரு முதுகுக்குப் பழகிய பை

விற்பனைக்கு வரும் காலி வீடுகளைப் படம் எடுத்துக் கொடுப்பது அவள் வேலை. ஆளும் போய், சாமானும் போய், சுவரில் ஆணி மட்டும் மிச்சமிருக்கும் வீடுகள். தரகர் சாவியைக் கொடுப்பார். இவள் போய் ஜன்னல்களைத் திறந்து, ஒட்டடை தட்டி, இருட்டு அறைக்கு விளக்கு வைத்து, பார்க்கிறவர்களுக்கு அங்கேயே குடியேறிவிடலாம் என்று தோன்றுகிற மாதிரி எடுத்து வருவாள். தெருவில் அவளுக்குப் படக்காரம்மா என்று பெயர். நல்ல உயரம். பரண்மேல் இருக்கும் டப்பாவை எடுக்க அவள் ஸ்டூல் தேடியதே இல்லை.

இரண்டு கேமரா, கல் மாதிரி கனக்கும் லென்ஸுகள், விளக்கு, பேட்டரி, முக்காலி எல்லாவற்றையும் வருடக்கணக்காக ஒற்றைத் தோள் பையில் இடப்பக்கம் தொங்கவிட்டுச் சுமந்தாள். இடது தோள் இறங்கியே போய்விட்டது. அவள் கணவர் பல் மருத்துவர்களுக்குப் பல்செட் செய்து கொடுப்பவர். சாப்பாட்டு மேசையின் ஒரு மூலையில் எப்போதும் யாருடைய சிரிப்பாவது காய்ந்துகொண்டிருக்கும். அவள் வாசலில் செருப்பைக் கழற்றும்போது, தலை நிமிராமலே, “வா, சாய்ஞ்ச கம்பமே” என்பார்.

லிப்ட் இல்லாத ஒரு கட்டடத்தில் படியேறும்போதுதான் கை மரத்துப்போனது. பை எப்போது நழுவியது என்று அவளுக்கே தெரியவில்லை. சத்தம் கேட்டுத்தான் குனிந்து பார்த்தாள். இருந்ததிலேயே நல்ல லென்ஸ் நொறுங்கிப் படியெல்லாம் சிதறிக் கிடந்தது.

எலும்பு டாக்டர் அவள் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தார். “தோள் கனம் தூக்கறதுக்கு இல்லம்மா. இடுப்புதான் தூக்கணும். இடுப்புல பெல்ட் கட்டற முதுகுப்பையா பாத்து வாங்குங்க. இல்லன்னா இந்தக் கையை மறந்துடுங்க.”

அவள் வழக்கமாகப் போகும் கேமரா கடைக்காரர், வெறுங்கையோடு வந்தவளைத் திருப்பி அனுப்பினார். “உங்க சாமான் மொத்தத்தையும் எடுத்துட்டு வாங்கம்மா. காலிப் பையை மாட்டிப் பாத்தா எல்லாப் பையும் நல்ல பைதான்.”

மறுநாள் போனாள். ஒவ்வொரு பையிலும் எல்லாவற்றையும் அடுக்கி, மாட்டி, மேல் கிடங்குக்குப் போகும் படிகளில் ஏறி இறங்கச் சொன்னார். கனமான லென்ஸ் முதுகை ஒட்டி நடுவில் இருக்க வேண்டும், தள்ளிப் போனால் யாரோ பின்னாலிருந்து இழுக்கிற மாதிரி இருக்கும் என்றார். ஒரு பையின் பெல்ட் இடுப்பில் உட்காராமல் வயிற்றை அறுத்தது. இன்னொன்றில் முக்காலி பின்னந்தலையில் இடித்தது. இன்னொன்றைத் திறக்க வேண்டுமென்றால் முதுகுப் பக்கம் தரையில் படும்படி கிடத்த வேண்டியிருந்தது. காலி வீட்டுப் புழுதியை முதுகில் பூசிக்கொண்டு போக அவளுக்கு மனமில்லை.

“உங்க முதுகு நீளம்மா. ஆம்பள அளவு,” என்றார் கடைக்காரர். மேல் அலமாரியை ஒருமுறை பார்த்தார். பிறகு தயக்கத்தோடு சாம்பல் நிறப் பை ஒன்றை இறக்கினார். “இது பழசு. எத்தனையோ பேருக்கு மாட்டிப் பாத்துட்டேன். யாருக்கும் சேரல.”

சாமானை மாற்றி அவள் மாட்டினாள். பட்டையைச் சரி செய்யக் கை போவதற்குள் எல்லாம் அதனதன் இடத்தில் உட்கார்ந்திருந்தது. பெல்ட்டின் கொக்கி ‘டக்’கென்று விழுந்தது. கனம் எங்கே போனதென்றே தெரியவில்லை. உள்ளே லென்ஸ் இருக்கிறதா என்று கழற்றிப் பார்த்துவிட்டு மறுபடி மாட்டினாள்.

“எதையும் இழுத்துவிட வேணாமாம்மா?”

“வேணாம் அண்ணா. எனக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு.”

கடைக்காரர் சிரிக்கவில்லை. “கொடுக்கறதைக் கொடுத்துட்டு எடுத்துட்டுப் போங்க” என்றார்.

வீட்டில் கணவர் பல்செட் பார்க்கும் விளக்கைப் பையின் பக்கம் திருப்பி, பட்டைகளைத் தடவிப் பார்த்தார்.

“நான் செய்யற செட்ல ஒண்ணை எடுத்து நீ மாட்டினா என்ன ஆகும்? குத்தும், புண்ணாகும். வேற ஒருத்தருக்குச் செஞ்சது முதல் தடவையே சரியா உக்காந்துச்சுன்னா எனக்குப் பயம் வந்துடும்.”

“இதுல பயப்பட என்ன இருக்கு?”

“அப்ப அது யாரோட வாய்?”

“வாயை மூடுங்க முதல்ல,” என்று சிரித்துவிட்டுப் போய்விட்டாள்.

கை மரத்துப்போவது நின்றது. தோளும் மெல்ல நிமிர்ந்தது. ஒருநாள் ஒரு தெருவில், நாய் ஒன்று பின்னாலிருந்து வாலைக் குழைத்துக்கொண்டு ஓடிவந்து பையை முகர்ந்தது. அவள் திரும்பினாள். முகத்தைப் பார்த்ததும் அது வாலை ஒடுக்கிக்கொண்டு, குரைக்காமல், பின்பக்கமாகவே நடந்து போனது. நாய் அப்படி நடந்து அவள் பார்த்ததில்லை.

அதன்பிறகுதான் படங்கள். ஒரு மத்தியானம் கணினியில் ஒரு சமையலறைப் படத்தைச் சரிசெய்துகொண்டிருந்தாள். ஜன்னலுக்கு வெளியே, கீழே தெருவில், கத்தரிப்பூ நிறக் குடையோடு ஒரு பெண் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாள். நிற்கட்டும். அடுத்தது ஊரின் வேறு பகுதியில் இருந்த வீடு. படுக்கையறை அலமாரிக் கண்ணாடியில் பால்கனி, பால்கனிக்கு அப்பால் தெரு, தெருவில் அதே குடை. குடை எல்லாக் கடையிலும் கிடைக்கும்தான். ஆனால் அந்த நிற்கிற விதம்?

பழைய படங்களை எல்லாம் திறந்தாள். பை வாங்குவதற்கு முன்பு எடுத்த எதிலும் அந்தப் பெண் இல்லை. வாங்கிய பிறகு எடுத்த வீடுகளில் எங்காவது ஒரு மூலையில், வேலிக்கு அந்தப் பக்கமோ எதிர்க் கட்டடத்து நிழலிலோ, அவள் இருந்தாள். எல்லாவற்றிலும் முகம் மேலே பார்த்தபடி.

“என்னங்க, கொஞ்சம் இங்க வாங்களேன்.” அவள் குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது.

கணவர் பார்த்தார். குடையை மட்டும் பெரிதாக்கிப் பார்த்தார். “நாளைக்கு நானும் வரேன்” என்றார். மறுநாள் யாரோ ஒரு மாப்பிள்ளைக்கு முன்பல் அவசரம் என்று ஆள் வந்து உட்கார்ந்துவிட்டார். அவள் தனியாகத்தான் போனாள்.

நீளமான வீடு. காற்று வரட்டும் என்று வாசல் கதவைத் திறந்து வைத்திருந்தாள். பையைக் கூடத்தில் இறக்கிவிட்டுக் கடைசி அறையில் முக்காலியை நிறுத்திக்கொண்டிருந்தபோது, கூடத்தில் ‘டக்’கென்றது. பெல்ட்டின் கொக்கி. காலி வீட்டில் அந்தச் சத்தம் சுவர் சுவராகப் போய் அடங்கியது.

சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தாள்.

கூடத்து நடுவில் அந்தப் பெண் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் குடை. பையின் பட்டைகளுக்குள் இரண்டு கைகளையும் முன்பக்கமாக நுழைத்து, பெல்ட்டைத் தன் இடுப்பைச் சுற்றிப் பூட்டி, பையைக் கட்டிக்கொண்டிருந்தாள். கன்னம் பையின் மேல்விளிம்பில், ஒருவர் தோளில் சாய்ந்திருப்பதுபோல் சாய்ந்திருந்தது.

“தப்பா நினைக்காதம்மா,” என்றாள் கண்ணைத் திறக்காமலே. “எதையும் எடுக்க வரல.”

“நீங்க யாரு அக்கா? எதுக்கு என் பின்னாடியே வர்றீங்க?”

“உன் பின்னாடி வரல. என் வீட்டுக்காரர் பின்னாடி வந்தேன்.”

அவள் சொன்னதை எல்லாம் படக்காரம்மா கதவோரம் நின்றபடியே கேட்டாள். அந்தப் பெண்ணின் கணவர் பறவைகளைப் படம் எடுப்பவர். நான்கு வருடங்களுக்கு முன்பு இந்தப் பையை மாட்டிக்கொண்டு ஏரிக்குப் போனவர் திரும்பவில்லை. வண்டி கரையில் நின்றது. படகு விட்டுத் தேடினார்கள். உடலும் கிடைக்கவில்லை, பையும் கிடைக்கவில்லை.

“ஒருநாள் பஸ் ஜன்னல்ல பாத்தேன். அதே பை, அதே நடை, கழுத்தைக் கொஞ்சம் வலப்பக்கம் சாய்ச்சு. ஓடி வந்தேன். முகம் வேற. தெரிஞ்சும் விட முடியல. பின்னாடி இருந்து பாத்தா நீ அவரேதாம்மா.”

“நான் இதைக் கடையிலதான் வாங்கினேன்க்கா. நீங்க கொடுத்ததில்லையா?”

“நான் எப்படிக் கொடுப்பேன்? அவர் முதுகுல இல்ல போச்சு?”

வெயில் நேரத்திலும் படக்காரம்மாவுக்கு முதுகு சில்லிட்டது. பையை மாட்டப் பிடிக்காமல் கையில் தூக்கிக்கொண்டு, அந்த அக்காவோடு நேராகக் கடைக்குப் போனாள்.

கடைக்காரர் இருவரையும் பார்த்தார், பையைப் பார்த்தார். “உயரமா ஒருத்தர் கொண்டாந்தார்மா. போன மழைக்காலத்துல. கழுத்து ஒரு பக்கம் சாஞ்சிருக்கும், பையைக் கழட்டின பிறகும் அப்படியேதான் நின்னார். காசு வேணாம்னுட்டார். யாருக்குச் சரியா சேருதோ அவங்களுக்குக் கொடுங்கன்னார். அந்தப் பேச்சு எனக்கு ஒரு மாதிரிதான் இருந்துச்சு.”

அக்கா மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். செத்தவரைப் பற்றிக் கேட்கிற குரலில் கேட்டாள். “எப்படி இருந்தார்?”

“நல்லாத்தான் இருந்தார்.”

“மெலிஞ்சிருந்தாரா?”

கடைக்காரர் யோசித்தார். “இல்லையேம்மா. கொஞ்சம் தொப்பை போட்டிருந்தார்.”

“தொப்பையா!” என்றாள் அக்கா. சிரித்தாள். சிரிப்பு நிற்காமல் போய், கடைசியில் படக்காரம்மா பிடித்து உட்காரவைக்க வேண்டியிருந்தது. “நாலு வருஷமா அந்த ஏரித் தண்ணிய நான் வாயில வைக்கலம்மா. அவர் உள்ள கிடக்கார்னு நினைச்சு.”

படக்காரம்மா பையை அவளிடம் நீட்டினாள். அவள் தொடவில்லை. “உன் கை நல்லாயிருக்குல்ல? நீயே வெச்சுக்கோ. இனிமே நான் வர மாட்டேன்.”

சொன்னபடி வரவில்லை. படங்களில் தெரு இருந்தது, மரம் இருந்தது, குடை இல்லை. ஆள் உயிரோடுதான் இருக்கிறான், பேயுமில்லை பிசாசுமில்லை என்று படக்காரம்மாவும் பையை மாட்டிக்கொண்டு நடந்தாள்.

சில மாதம் கழித்து, அவள் அதுவரை போகாத ஒரு புறநகரில், காய்கறிக் கடைகளுக்கு முன்னால் பஸ்ஸுக்கு நின்றிருந்தாள். பின்னாலிருந்து இரண்டு சின்னக் கைகள் அவள் காலைக் கட்டிக்கொண்டன.

“அப்பா! எங்க போனேப்பா?”

திரும்பினாள். மழலை மாறாத பெண் குழந்தை. அவள் முகத்தைப் பார்த்ததும் அதன் வாய் கோணியது. ஓடிவந்த தாய் குழந்தையைத் தூக்கிக்கொண்டாள். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தவள் பையைப் பார்த்து நின்றுவிட்டாள்.

“இது எங்க கிடைச்சுது?”

“கடையில.”

“அவரே கடையில கொடுத்தாரா?”

“ஆமா.”

அந்தத் தாய் தலையை ஆட்டிக்கொண்டாள். வேறெதுவும் கேட்கவில்லை. “அப்பா இல்லடா, அத்தை” என்று குழந்தையின் முதுகைத் தட்டிக்கொண்டே கூட்டத்துக்குள் போனாள். குழந்தை தாயின் தோளுக்கு மேலாக, பை மறையும்வரை பார்த்துக்கொண்டே போனது.

படக்காரம்மா பையைக் கழற்றிக் கையில் பிடித்தாள். எதிரே கண்ணாடி போட்ட கடை. அதில் தெரிந்த உயரமான உருவம், முதுகில் ஒன்றும் இல்லாதபோதும், முன்னுக்கு வளைந்து கழுத்தை வலப்பக்கம் சாய்த்துக்கொண்டு நின்றது. நிமிர்ந்து நின்று பார்த்தாள். அசந்த நேரத்தில் கழுத்து மறுபடி சாய்ந்தது.

வீட்டுக்கு வந்து கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். “கடையிலேயே திருப்பிக் கொடுத்துடலாமா?”

“கொடுத்தா வேற யாருக்காவது சேரும்,” என்றார் அவர்.

பல்செட்டுகளை ஓரம் தள்ளிவிட்டு, மெழுகு சீவும் கத்தியால் பையைத் தையல் தையலாகப் பிரித்தார். முதுகுப் பக்கத்துப் பஞ்சு தனியாக வந்தது. அதில் இரண்டு தோள்பட்டையின் குழிகளும், நடுவில் முதுகெலும்பின் தடமும் ஆழமாகப் பதிந்திருந்தன. அதை அவள் முதுகில் வைத்துப் பார்த்தார். இம்மியும் பிசகாமல் பொருந்தியது. “இது அவனோடதா, உன்னோடதா?” என்றார். இருவருக்கும் தெரியவில்லை. அதைப் பால்கனி வெயிலில் போட்டாள்.

புதுப் பை வாங்கினாள். கடைக்காரர் மெனக்கெட்டுப் பட்டைகளை இழுத்தும் தளர்த்தியும் சரிசெய்தார். அப்படியும் பெல்ட் ஒரு பக்கம் உறுத்துகிறது. கழுத்து நேராக வெகுநாளாயிற்று. அந்த அக்கா வீட்டை விற்கப்போகிறேன் என்று கூப்பிட்டபோது போய்ப் படம் எடுத்துக் கொடுத்தாள். குழந்தையைப் பற்றிச் சொல்லத் தொண்டைவரை வந்தது. அக்கா அலமாரியைக் காலி செய்துகொண்டே வானொலிப் பாட்டோடு சேர்ந்து முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டுமோ என்று இன்னமும் கணவரைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

பால்கனியில் கிடந்த பஞ்சில் குழிகள் நாளுக்கு நாள் மேலெழும்பி, ஒரு காலையில் அது பலகை மாதிரி சமமாகியிருந்தது. “பல்செட் டப்பாவுக்கு அடியில மெத்தையா வைக்க நல்லாயிருக்குமே” என்றார் கணவர். அவள் விடவில்லை. தானே எடுத்துக்கொண்டு கீழே இறங்கி, குப்பை வண்டி வரும்வரை நின்று, போட்டுவிட்டு வந்தாள்.