மோட்டரின் காலடியில் தேசிக்காய்

அமோனியா நெடியோடு தேசிக்காய் என்ற எலுமிச்சையின் மணமும் கலந்தால் எப்படியிருக்கும் என்று உங்களில் எவருக்காவது தெரியுமா, நண்பர்களே? எனக்குத் தெரியும்...

திருகோணமலைத் துறைமுகத்தை ஒட்டிய, அமோனியாவால் குளிரூட்டும் ஓர் ஐஸ் தொழிற்சாலை. அதன் கம்ப்ரசரைச் சுழற்ற வந்த மோட்டர்தான் நான் தனித்துப் பொறுப்பேற்றுப் பொருத்திய முதலாவது பெரிய மோட்டர். எந்தத் தொழிற்பயிற்சிக் கூடத்தின் வாசலையும் மிதியாதவள் நான். பழைய கையேடுகளை எழுத்தெண்ணிப் படித்தே இத்தொழிலைக் கற்றேன் என்பதை இன்றும் தலைநிமிர்ந்து சொல்வேன்.

முதலாளி மட்டும் நம்பியும் நம்பாமலும் இருந்தார்.

"நாளைக்குக் காலமை சுபநேரத்துக்குள்ள மோட்டர் சுத்த வேணும் பிள்ளை. சுத்தினா இஞ்ச வேலை உமக்குத்தான். இல்லாட்டி டவுனில இருக்கிற மெக்கானிக் பாஸைக் கூப்பிடுவன்."

அன்று முழுவதும், மோட்டரின் பாதங்களுக்கு அடியில் கடதாசி போன்ற பித்தளைத் தகடுகளைச் செருகிச் செருகி, அதன் தண்டும் கம்ப்ரசரின் தண்டும் ஒரே நேர்கோட்டில் நிற்கும்படி சீர்செய்தேன். மயிரிழை பிசகினாலும் பெயாரிங் பாழாகிவிடும்.

மறுநாள் காலை என் ஊரான சல்லியிலிருந்து சைக்கிளில் வந்திறங்கினேன். மோட்டர் மாலையும் சந்தனமுமாக மாப்பிள்ளைக் கோலத்தில் இருந்தது. அதுவரை எனக்கு ஆட்சேபமில்லை. ஆனால் மாப்பிள்ளை ஒரு பக்கம் சரிந்து நின்றார்...

குனிந்து பார்த்தேன். நான்கு பாதங்களின் கீழும் நான்கு தேசிக்காய்கள்! சாறு வழிந்துகொண்டிருந்தது. என் பித்தளைத் தகடுகள் ஒரு வாழையிலையில் பக்குவமாக எடுத்து வைக்கப்பட்டிருந்தன.

"இதென்ன முதலாளி?"

"புது வாகனமெண்டால் சில்லுக்குக் கீழ வைக்கிறேல்லையே? இதுக்குச் சில்லில்லை. அதுதான் காலுக்குக் கீழ வைச்சனாங்கள். நாலு பேர் அலவாங்குக் கம்பி போட்டுக் கிளப்பினது... லேசான வேலையே?"

"இப்பிடிச் சுத்தவிட ஏலாது."

"நேரம் போகுது பிள்ளை. ஐயரும் வந்து நிக்கிறார். விடும், நான் சுவிச்சைப் போடுறன்."

நான் முந்திக்கொண்டேன். என் சைக்கிள் பூட்டைப் பிரதான சுவிட்சின் கைபிடியில் மாட்டிப் பூட்டி, திறப்பைக் கழுத்துச் சங்கிலியில் கோத்துக்கொண்டேன். இயந்திரத்தில் கை வைப்பவரிடமே திறப்பும் இருத்தல் வேண்டும் என்பது நான் மனனம் செய்த முதல் விதி.

ஐஸுக்காகக் காத்து நின்ற மீனவர் ஒருவர் வாசலில் இருந்தே குரல் கொடுத்தார்: "தங்கச்சி சைக்கிளை விட்டிட்டுக் கரண்டைப் பூட்டுது, பாருங்கோ!"

முதலாளியின் முகம் கறுத்தது. டவுன் பாஸுக்கு ஆள் அனுப்பிவிடுவார் போலிருந்தது. ஐயரிடம் திரும்பினேன்.

"ஐயா, சுபநேரத்தில மோட்டர் சுத்தினா மட்டும் காணுமோ, ஐசும் கட்ட வேணுமோ?"

ஐயர் சற்று யோசித்தார். "சுத்தினாக் காணும். ஐஸ் தன்ர பாட்டில கட்டும்."

எனக்கு வேண்டியது அவ்வளவே! கம்ப்ரசருடன் இணைக்கும் முன்னர், மோட்டரைத் தனியே ஒரு கணம் சுழற்றித் திசையைப் பார்த்தே ஆகவேண்டும். எதிர்த்திசையில் ஓடினால் கம்ப்ரசருக்குள் எண்ணெய் ஏறாது. இரும்பு இரும்பைத் தின்றுவிடும். அந்தப் பரிசோதனையையே சுபநேரத்தில் செய்தால் என்ன?

தேசிக்காய்களை எடுப்பித்து, சாற்றைத் துடைத்து, மோட்டரை இறக்கி ஆணிகளை இறுக்கினேன். தண்டில் சுற்றிக்கொள்ளும் என்று மாலையையும் கழற்றினேன். எல்லோரையும் விலக்கி நிறுத்தியபின் பூட்டைத் திறந்து, சுவிட்சைப் போட்ட கையோடு நிறுத்தினேன்.

மோட்டர் சுழன்றது... இடப்பக்கமாக.

"ஐயோ, அப்பிரதட்சணம்!" முதலாளி தலையில் கை வைத்தார். "தேசிக்காயை எடுத்த குற்றம்!"

"இன்னும் நேரம் கிடக்கோ ஐயா?"

"கிடக்கு, கிடக்கு. கெதியாப் பாரும் பிள்ளை."

கம்ப்ரசருக்கு வேண்டியதும் வலச்சுழற்சிதான். மறுபடியும் பூட்டினேன். மோட்டருக்கு வரும் மூன்று மின்வயர்களில் இரண்டை இடம் மாற்றி இறுக்கினேன். திசையைத் திருப்ப அவ்வளவுதான் பரிகாரம். ஐயரோ தம் பங்குக்கு மந்திரத்தை உரத்துச் சொல்லிக்கொண்டே இருந்தார். பூட்டைத் திறந்து மீண்டும் சுவிட்சைத் தட்டினேன். மோட்டர் வலஞ்சுழியாகச் சுழன்றது. ஐயர் மணியை அடித்தார். முதலாளி மோட்டரைப் பார்த்துக் கைகூப்பினார்.

தகடுகளைத் திரும்பச் செருகிச் சீர்செய்து கம்ப்ரசருடன் இணைக்க மாலையாகிவிட்டது. அதை முதலாளி கணக்கிலேயே எடுக்கவில்லை. "எங்கட பிள்ளை மோட்டரையே வலம் வர வைச்சது" என்று கண்டவரிடமெல்லாம் சொல்லித் திரிந்தார். வேலை எனக்கே கிடைத்தது.

பல வருடங்கள் கழித்து, அண்மையில் அதே தொழிற்சாலைக்குப் புதிய ஜெனரேட்டர் வந்தது. இப்போது நேர்கோட்டை லேசர் பார்க்கிறது; திசையைத் திரை சொல்கிறது. சைக்கிள் போய்விட்டது, பூட்டு மட்டும் இன்னும் என் பையில் இருக்கிறது. பழக்கதோஷத்தால் குனிந்து பாதங்களின் கீழே பார்த்தேன். துப்புரவான இறப்பர் மெத்தைகள் மட்டுமே... ஏனோ சிறிது ஏமாற்றமாக இருந்தது.

"என்ன அன்ரி தேடுறீங்கள்?" என்றார் கூட நின்ற இளம் பொறியியலாளர்.

"தேசிக்காய்."

"தண்ணி விடாய்க்குதோ? தேசிக்காய்த் தண்ணி கரைப்பிச்சுக் கொண்டு வரட்டோ?"

ஓம் என்றேன். எங்கள் தொழிற்சாலை ஐஸ் மிதந்த அந்தக் குவளையைக் கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டுத்தான் சுவிட்சைத் தட்டினேன்.