பதின்மூன்று பேர் காணாமல் போன மீட்டிங்

ஆன்லைன் மீட்டிங்கில் மனிதனைக் காப்பாற்றுவது கரண்ட் கட் ஒன்றுதான் என்று இரண்டு வருடம் நம்பியவன் நான். கேள்வி கடினமானால் மைக்கை அணைத்துவிட்டு, "ஆஞ்சநேயா, நெட்டைப் பிடுங்கிடு" என்று வேண்டுவேன். சிரிக்காதீர்கள். நம்மில் பாதிப் பேர் பரீட்சை நாளில் மழைக்கு வேண்டியவர்கள்தான்.

ஓசூரில் இரும்புத் தகட்டை மெஷினில் அழுத்தி வெட்டும் ஒரு சிறிய பிரஸ் ஷாப்பில் நான் புரொடக்ஷன் இன்சார்ஜ். லாரிக்கான பிராக்கெட் அடிக்கிறோம். போன ஆடியில் இரண்டு லாட் திரும்பி வந்தன. வெட்டிய ஓரமெல்லாம் பிசிறு. சரக்கு வாங்கும் புனே கம்பெனியிலிருந்து மெயில்: செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு மீட்டிங், சரியான பதில் இல்லாவிட்டால் தகட்டை வெட்டும் அச்சான டையை எடுத்து வேறு கம்பெனிக்குக் கொடுத்துவிடுவோம். டை அவர்களுடையது. அது போனால் எங்கள் நாற்பது பேரில் பாதிப் பேருக்கு வேலை இல்லை.

மூன்று நாள் யோசித்தேன். பிறகு என் மூளை வேலை செய்தது. செய்யாமலே இருந்திருக்கலாம். எங்கள் பக்கம் பஞ்சாயத்துக்குத் தனியாகப் போகமாட்டோம், ஆள் சேர்த்துக்கொண்டுதான் போவோம். அதே கணக்கில் மீட்டிங்குக்கு என்னோடு சேர்த்துப் பதினான்கு பேரைத் திரட்டினேன். நாற்பத்திரண்டு ஸ்லைடு தயார் செய்தேன். ஸ்டோர்ஸ் முனிரத்தினத்தையும் விடவில்லை.

"நான் இன்னாண்ணா பேசணும்?"

"பேசாத. தலைக்கணக்குக்கு இரு."

"அதுக்கு எங்க மாமனார் வூட்டு ஆளுங்கள கூப்ட்டிருக்கலாமே, நாலு பேர் சும்மாத்தான் கீறாங்க."

செவ்வாய் வந்தது. எதிரில் வாசுகி மேடம், புனே கம்பெனியின் குவாலிட்டி ஹெட். சொந்த ஊர் மதுரை. ஆனால் கூட்டத்தில் எல்லாரும் இங்கிலீஷ்தான். பிசிறு ஏன் வந்தது என்று கேட்டார். ஒன்பதாவது ஸ்லைடில் ஆபரேட்டர் டிரெய்னிங் பற்றிச் சொன்னோம். மறுபடி கேட்டார். அடுத்தவர் பேசுவார் என்று பதினான்கு பேரும் காத்திருந்தோம். அரை மணி நேரம் போனது.

எனக்குக் காரணம் தெரியும். டையின் வெட்டும் ஓரம் மழுங்கியிருந்தது. சாணை பிடிக்க மெஷினிலிருந்து இறக்கவேண்டிய நாளில், டிஸ்பாட்ச் அவசரம் என்று தள்ளிப்போட்டவன் நானேதான்.

போனில் மீட்டிங்கை மாற்றிக்கொண்டு ஸ்டோர்ஸுக்கு நழுவினேன். அங்கே ஆஞ்சநேயர் படம் இருக்கிறது. வைஃபை எட்டாது, என் போன் டேட்டாதான். "இந்த ஒரு தடவை நெட்டைப் பிடுங்கிடு, நூற்றெட்டு வடை சாத்துகிறேன்" என்றேன்.

சொல்லி வாய் மூடவில்லை, கரண்ட் போனது. யுபிஎஸ் பத்து நாளாகச் செத்துக் கிடந்தது. மற்றவர்கள் எல்லாரும் நம்பியிருந்த வைஃபை போயிற்று. திரையில் ஒவ்வொரு பெயராக மறைந்தது. பதின்மூன்று பேர் காலி.

நான் மட்டும் மறையவில்லை.

"ஹலோ, யாராவது இருக்கீங்களா?" மேடம் தமிழில் கேட்டார்.

படத்தைப் பார்த்தேன். சாமி என்னைப் பார்த்தார். இனி எங்கே ஓட? மைக்கைத் திறந்தேன்.

"நான் ஒருத்தன்தான் இருக்கேன் மேடம். தப்பும் என்னோடதுதான்."

"அப்பச் சொல்லுங்க."

டை மாட்டியிருந்த பிரஸ் மெஷினுக்கு நடந்தேன். முனிரத்தினம் டார்ச் அடித்தான். மழுங்கிய ஓரத்தைக் கேமராவில் காட்டினேன். நாளைத் தள்ளிப்போட்டதைச் சொன்னேன்.

"இதை அரை மணி நேரம் முன்னாடியே சொல்லக் கூடாதா? அவ்வளவு பேரை எதுக்குய்யா கூட்டிட்டு வந்தீங்க?"

"பயம் மேடம்."

பிறகு கேட்டார்: யார் சாணை பிடிப்பது, எந்த நாள், முதல் பீஸை யார் செக் செய்வது? மூன்றையும் சொன்னேன். திருப்பிச் சொல்லச் சொன்னார், சொன்னேன். எட்டே நிமிடம். ஜெனரேட்டர் ஓடி மற்றவர்கள் உள்ளே வந்தபோது மீட்டிங் முடிந்திருந்தது.

முதலாளி ஓடி வந்தார். "இன்னாய்யா சொன்னே?"

"உள்ளதைச் சொன்னேன் சார்."

அவர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

வடை சாத்திவிட்டேன். பதின்மூன்று பேருக்காவது நெட்டைப் பிடுங்கிய சாமிக்குக் கொடுக்காமல் இருக்கலாமா? இப்போது எங்கள் மீட்டிங்கில் மூன்று பேர்தான். வேலை தெரிந்தவன், முடிவு சொல்லக்கூடியவன், எழுதிக்கொள்பவன். ஒரு பக்கத்துக்கு மேல் எதுவும் காட்டுவதில்லை. பேசவேண்டிய கேள்வி முந்தின நாளே எல்லாருக்கும் போய்விடும். முடிக்கும்போது யார், என்ன, எப்போது என்று வாசித்துவிட்டுத்தான் எழுந்திருப்போம். நெட் கட் ஆகிவிடக் கூடாது என்றுதான் இப்போது வேண்டுகிறேன்.

உங்களுக்கும் இப்படி ஒரு நாள் வரும். தைரியமாக வேண்டிக்கொள்ளுங்கள். நீங்கள் கேட்ட வழியை அவர் அடைத்தாலும், உங்களை விட்டுவிட மாட்டார்.

டையைச் சாணை பிடித்து அடித்த இருநூறு பீஸ் புனேக்குப் போனது. ஒன்றுகூடத் திரும்பவில்லை. டை எங்களிடமே இருக்கிறது. யாருக்கும் வேலை போகவில்லை.